சின்னவளின் ரத்தம்

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சுண்டெலிகளுக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுப்பது என் வேலை. சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அந்த வகை எலிகளுக்கு நோய் தானாகவே வரும், பெட்டைகளுக்கே அதிகம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்களே கணையத்துக்குள் புகுந்து, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். அந்த முரட்டுச் செல்களை அடக்கிவைக்கும் வேறு செல்களும் அதே உடம்பில் உண்டு. அவற்றை மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்து, பெருக்கி, ஊசியில் ஏற்றுகிறோம். நோய் வருவதற்கு முன் போட்டால் பல எலிகள் தப்பித்துக்கொள்கின்றன. வந்த பிறகு போட்டால் பெரும்பாலும் வீண்.

இதே நோய்தான் என் தங்கையின் மூத்த மகளுக்கும். ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கிறார்கள், தங்கை கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். மூத்தவள் வாந்தி எடுத்தபோது கண்டதைத் தின்றிருப்பாள் என்று கஷாயம் கொடுத்துப் பார்த்து, நினைவு தப்பிய பிறகுதான் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். அன்றிலிருந்து தினமும் இன்சுலின். சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. பெண்பிள்ளை ஆயிற்றே.

சின்னவளுக்கும் வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். நோய் தலைகாட்டுவதற்குப் பல காலம் முன்பே ரத்தத்தில் அதன் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பொங்கலுக்குப் போனபோது சொன்னேன்.

"வரும்னு தெரிஞ்சா நிப்பாட்டிருவீங்களா மச்சான்?" என்று கேட்டார் தங்கை கணவர்.

"இப்போதைக்கு எலிக்குத்தான் மாப்பிள்ளை. ஆனா தெரிஞ்சிருந்தா, மூத்தவ மாதிரி மயங்கி விழுற வரைக்கும் விடமாட்டோம்ல."

"எலிக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டியதில்ல. எனக்கு ரெண்டும் பொண்ணு. ரெண்டுக்கும் இருக்குன்னு ரிப்போர்ட் வாங்கி வச்சுக்கிறவா?"

தங்கையைப் பார்த்தேன். "விட்டுருண்ணே. ஒருத்தியாவது தப்பிச்சுட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எலிகளைப் பெற்றவர்கள் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

ஆடி மாதம் தங்கை போனில் அழுதாள். சின்னவள் ஓயாமல் தண்ணீர் குடித்தாளாம், துரும்பாக இளைத்தாளாம். வெயில் என்று சொல்லிக்கொண்டார்களாம். சர்க்கரை பார்க்கிற கருவி வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதை அவள் விரலில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இவளும் மயங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கண் விழித்திருந்தாள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் "மாமா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வராண்டாவுக்கு வந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எலி ஊசிய இப்பப் போடலாமா மச்சான்? எலிக்குத்தான்னாலும் பரவால்ல. எங்க வேணாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். "வந்தப்பறம் போட்டா கேக்காது மாப்பிள்ளை" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அவர் கையை விட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி. யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.