மொட்டைமாடி முருங்கை

முதுகலை தாவரவியல் கடைசி வருடம், பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் நானும் என் தோழியும் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவள் மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முருங்கை இலையில் ஃபிளேவனாய்டு என்ற நிறமிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை.

என் இலை ஆற்றங்கரைத் தோப்பில், தென்னை நிழலில் நின்ற மரத்தில் பறித்தது. பச்சையும் செழிப்புமாக இருந்தது. அவளுடையது மொட்டைமாடி டிரம்மில் வளர்ந்த குட்டை மரம். சிறுத்துத் தடித்த இலை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இலையை உலர்த்திப் பொடித்துச் சாறெடுத்து, அலுமினியம் குளோரைடு கரைசலைச் சேர்த்தோம். ஃபிளேவனாய்டு கூடக்கூட மஞ்சள் அடர்த்தியாகும். என் குழாயில் வெளிறிய மஞ்சள். அவள் குழாயில் நல்லெண்ணெய் மாதிரி ஒரு நிறம். எங்கள் ஆய்வு வழிகாட்டி மேடம் அவளுடையதைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“பொடியைக் கூடுதலாப் போட்டியாட்டி?” என்று கேட்டேவிட்டேன்.

“என்னட்டி சொல்லுதே? இந்தா, நீயே எடை போட்டு நீயே செஞ்சு பாரு” என்று பொடி டப்பாவைத் தள்ளினாள்.

செய்தேன். என் கையிலும் அதே நல்லெண்ணெய் நிறம். அவள் ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மறுநாள் அவள் வீட்டு மாடிக்குப் போனேன். செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது.

“இங்கன நிழலே கிடையாது. வெயில் இலையப் பொசுக்கிராம இருக்கத்தான் மரம் இந்த ஃபிளேவனாய்டைச் செய்யுது. உன் மரத்துக்கு அந்தத் தேவை இல்லல்லா?” என்றாள்.

அதையும் அவளே முதலில் கண்டுபிடித்திருந்தாள். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன்: ஒரே மரத்தில் வெயில் பக்கத்து இலையையும் நிழல் பக்கத்து இலையையும் பறித்துப் பார்ப்போம். பார்த்தோம். வெயில் பக்கத்து இலையில்தான் மஞ்சள் அடர்ந்து வந்தது. கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. கேள்விகள் எல்லாம் அவளிடமே போயின.

இப்போது அவள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் நாங்குநேரியில் பள்ளி ஆசிரியை. போன வாரம் ஊதா நிறத்துக்கு மாறிய ஒரு இலையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். “குளிர்லயும் இலையக் காப்பாத்துறது ஃபிளேவனாய்டுதான் ஏட்டி, பாரு!”

பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ‘நல்லாருக்கு’ என்று தட்டிவிட்டு, அதை அனுப்ப மனம் வராமல் வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்தேன்.