முறியாத கத்தியும் மாடிப் பூட்டும்

மகன் பனியன் கம்பெனியை விட்டபிறகு கத்தி வியாபாரத்துக்கு வந்தான். காய் நறுக்கும் கத்தியல்ல. மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் உறையோடு இடுப்பில் கட்டிக்கொள்வார்களே, மடக்க முடியாத கத்தி, அது. ஆன்லைனில் விற்கிறான். புது மாதிரி வந்தால் ஒன்றை எடுத்து, முறிகிற வரைக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை அவன் அம்மாவான என்னுடையது.

வேறு யாரால் முடியும்? தென்னை மட்டை, சோளத்தட்டு என்று அரிவாள் பிடித்துக் காய்த்த கை இது. வேலாங்கட்டையில் கத்தியை வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பேன். தேங்காய்ச் சிரட்டையில் குத்திப் பார்ப்பேன். துருப் பிடிக்குமா என்று பார்க்க எங்கள் போர் தண்ணீரே போதும், உப்புப் போட வேண்டியதில்லை. மகன் "ஃபுல் டேங்" என்பான். வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பியதைச் சொல்கிறான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரும்பு, பிடியின் கடைசிவரை ஓடுகிறது என்று அர்த்தமாம்.

இதெல்லாம் நடப்பது நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், எங்கள் வீட்டு மாடியில். படி ஏறி வந்ததும் ஒரு கிரில் கேட். மகனும் மருமகளும் காலையில் கிளம்பும்போது அதை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை நான் வழி தவறிப் போய்விட்டேன் என்பது அவர்கள் கட்சி. சந்து மாறிவிட்டது, அவ்வளவுதான். சாவி கேட்டு நான் கெஞ்சியதில்லை.

கீழ் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி குடியிருந்தாள். பதினைந்து வருஷம் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங், தைத்து வந்த துணியில் பிழை பார்க்கிற வேலை. முட்டி தேய்ந்து வேலையை விட்டபிறகு, தினமும் படியேறி வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னோடு பேசுவாள். ஊருக்கே போய்விடுவதென்று முடிவெடுத்தாள். ஞாயிறு கிளம்புவதாகத்தான் பேச்சு. அன்றைக்கு மகன் வீட்டில் இருப்பான், கேட் திறந்திருக்கும். ஆனால் வேன் கிடைத்ததென்று வியாழக்கிழமையே சாமான் ஏற்றிவிட்டார்கள்.

இறங்கிப் போய், வேன் வரைக்கும் அவளோடு நடந்து வழியனுப்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மகனுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடிக்க மனம் ஒப்பவில்லை. அன்றைக்குச் சோதிக்க வைத்திருந்த கத்தியை எடுத்துப் பூட்டு மாட்டியிருந்த பட்டையில் நுழைத்து நெம்பினேன்.

அவள் மெதுவாகப் படியேறி வந்தாள்.

"யக்கா, கத்தியச் சோதிக்கியளா, பூட்டையா?"

"ரண்டையுந்தான் அம்மிணி."

உள்ளேயிருந்து நெம்பினால் பிடிமானம் சரியில்லை. வெளியிலிருந்து தான் முயல்வதாகச் சொன்னாள். கத்தியைத் தரையில் வைத்துக் கேட்டுக்கு அடியில் தள்ளினேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும். எங்கள் பக்கமும் அப்படித்தான், அவள் பக்கமும் அப்படித்தான். படியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்தாள். முழு பலத்தையும் போட்டாள். பட்டை வளைந்தது. கேட் நாலு விரல் அகலம் விலகி, அப்படியே சிக்கிக்கொண்டது.

கீழே ஹாரன் அடித்தார்கள்.

கத்தியைத் தரையில் வைக்கக் குனியப் பார்த்தாள். முட்டி விடவில்லை. மறுபடி உட்கார்ந்தால் எழவும் முடியாது.

"கையிலயே குடு," என்றேன்.

"கையில குடுத்தா பிரிஞ்சிருவோம்லாக்கா."

"பிரியத்தானே போறோம். குடு அம்மிணி."

முந்தானையால் கத்தியைத் துடைத்தாள். பிறகு பிடியை என் பக்கம் திருப்பி இடுக்கு வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அதற்கு மேல் இடுக்கில் எதுவும் நுழையவில்லை. அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். மாடியிலிருந்து வேனின் கூரையும் அதன்மேல் கவிழ்த்துக் கட்டிய கட்டிலும்தான் தெரிந்தன.

சாயங்காலம் மகன் பட்டையைப் பார்த்துவிட்டுத் திருடன் வந்தானா என்று பதறினான்.

"திருடனில்லை கண்ணு. நாந்தான்."

கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முனை மழுங்கவில்லை. "இத்தனை நெம்பியும் வளையலீங்களேம்மா," என்றான். சந்தோஷம் அவனுக்கு. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். "கீழ போகோணும்னா எனக்குச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"ரண்டு தடவை சொன்னேன். போனைப் பாரு."

பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, வளைந்த பட்டையைத் தடவிப் பார்த்தான்.

மறுநாள் வெல்டிங்காரரைக் கூட்டிவந்து, முன்னைவிட இரண்டு மடங்கு தடிமனான பட்டை வைத்தான். நான் கேட்டுக்கு உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறி தெறிக்கும், தள்ளி நில்லுங்க என்றார் வெல்டிங்காரர். தள்ளி நின்றேன்.