குடிக்காதவன் கட்டிய கயிறு

என் வாயில ஒரு பொட்டு சாராயம் பட்டதில்ல. ஆனா குடியை விடுறேன்னு கோயில்ல கயிறு கட்டிகினவன் நான். இந்தப் பெருமை செங்கல்பட்டு ஜில்லாவுல வேற எவனுக்கும் இருக்காது.

மாமல்லபுரத்துலேர்ந்து மறைமலைநகர் கம்பெனிக்கு ஆளுங்கள ஏத்திகினு போற பஸ்ஸு ஓட்டுறேன். போன வருஷம் கண்ணு ரெண்டும் செவக்க ஆரம்பிச்சுது. மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்தல். எதிர்வெயில் பட்டா தண்ணியா ஊத்தும். ஒரு கண்கட்டி ஆறுனா அடுத்தது ரெடி. நாமக்கட்டி இழைச்சுப் பூசினேன். ஒடம்பு சூடுன்னாங்க, எண்ணெ தேச்சுக் குளிச்சேன். மருந்துக்கடையில சொட்டு மருந்து குடுத்தான். விட்டா வெளுக்கும், நிறுத்தினா முன்னவிட செவக்கும். ஊரே டாக்டரு, நான் ஒருத்தன்தான் நோயாளி.

கம்பெனி கேட்ல காலையில டிரைவருங்க, குடிச்சிருக்காங்களான்னு பாக்குற மிஷின்ல ஊதணும். நான் ஊதினா சைபர் காட்டும். சூப்பர்வைசர் மிஷினப் பாப்பாரு, என் கண்ணப் பாப்பாரு. ஒரு நா, "மிஷின்தான் பேஜாரு பண்ணுது"ன்னு பஸ்ஸு சாவிய வாங்கி வச்சிகினாரு. என்னா அறிவு!

அதையாவது தாங்கிக்கலாம். என் பொஞ்சாதியோட அப்பா குடிச்சே செத்தவரு. "நீ குடிச்சா ஒரு நாளு கூட இருக்க மாட்டேன்"னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னவ அவ. சாவி போன சேதி கேட்டதும் கிட்ட வந்து மோந்து பாத்தா. வாடை இல்ல. சந்தோஷப்படுவான்னு பாத்தா, "வாடையே வராம எப்டி குடிக்கிற?"ன்றா.

மறுநாளே கடப்பாக்கத்துலேர்ந்து அவ அண்ணன் வந்துட்டாரு. கடலுக்குப் போற ஆளு, பேச்செல்லாம் அதட்டல்தான். "மச்சான், வா, கோயில்ல கயிறு கட்டிகினு வந்துடலாம்." எங்க பக்கம் குடியை விடுறவன் சாமி மேல சத்தியம் பண்ணி, பூசாரி கையால கயிறு கட்டிப்பான்.

"குடிக்காதவனுக்கு எதுக்கு கயிறு?"

"குடிக்கலன்னா கட்டிக்கிறதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

நியாயமாத்தான் பட்டுது. அவ நிம்மதிக்குன்னு கைய நீட்டினேன். அங்கதான் கவுந்தேன்.

கயிறு கட்டினா கண்ணு வெளுத்துடுமா? ரெண்டு வாரத்துல கோவப்பழம் ஆயிடுச்சு. இப்ப நான் வெறும் குடிகாரன் இல்ல, சாமி சத்தியத்த மீறின குடிகாரன். அவ எங்க சின்னப் பொண்ணத் தூக்கிகினு கடப்பாக்கம் போய்ட்டா. நான் வூட்ல தனியா உக்காந்து அழுதேன். கண்ணு இன்னும் செவந்துச்சு, வேற இன்னா ஆவும்.

வெளிச்சத்தையே பாக்க முடியாம ஆனப்புறம்தான் செங்கல்பட்டுல கண் டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க கண்ணப் பாத்துட்டு, மூக்கையும் கன்னத்தையும் ரொம்ப நேரம் பாத்தாங்க. "சூடா டீ குடிச்சா, காரம் சாப்பிட்டா, மொகம் எரியுதா?" எரியும். "இது ரோசேசியா. மொகத்துத் தோல்ல வர்றது, கண்ணுலயும் வந்திருக்கு. கறுத்த தோல்ல செவப்பு தெரியாது, அதான் யாருக்கும் தோணல." கடையில வாங்கின சொட்டு மருந்தத் தூக்கிப் போடச் சொன்னாங்க. மாத்திரை எழுதினாங்க. வெயிலுக்குக் கண்ணாடி, தெனமும் இமை மேல வெதுவெதுப்பான துணி ஒத்தடம், அப்புறம் இமை ஓரத்தத் தொடைக்கணும். "முழுசா போகாது, அடக்கி வச்சிக்கலாம்"னாங்க.

மச்சானுக்கு போன் போட்டு அப்படியே சொன்னேன். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு"ன்னு வச்சிட்டாரு. அடுத்த தடவ அவளையே கெஞ்சிக் கூட்டிகினு போயி டாக்டரம்மா முன்னாடி உக்கார வச்சேன். எல்லாத்தையும் கேட்டா. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல என் கைய விடவே இல்ல.

கண்ணு இப்ப பரவால்ல. சாவியும் திரும்பி வந்துடுச்சு. காலையில அவளேதான் ஒத்தடம் குடுக்குறா. குனியும்போது அவ மூக்கு என் வாய்கிட்ட வரும், லேசா மூச்ச இழுப்பா. நானும் தெரியாத மாதிரி வாயத் தொறந்து வச்சிகினு படுத்திருப்பேன். பாவம், அவ அப்பன் குடுத்துட்டுப் போன பயம் அது.

போன வாரம், "கயித்த அவுத்துடவா?"ன்னு கேட்டேன்.

"கெடக்கட்டும்"னா.