சோபாக்காவின் வீடு

மகளோடு வீடியோவில் பேசுவதற்கு முன்னால் சோபாக்கா இடுப்புக்கு மேலே மட்டும் உடை மாற்றுவாள். வேலைக்குப் போடும் நீலக் கால்சட்டை அப்படியே இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு ரவிக்கை, அதன்மேல் பாதியாக மடித்த சேலையைத் தோளில் போட்டு ஊசி குத்திக்கொள்வாள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதிலிருந்தே இதைப் பார்க்கிறேன்.

"மேல முதலாளியம்மா, கீழ கூட்டுற அம்மா" என்று எங்கள் அறையில் இருக்கும் சமையல்காரம்மா கேலி செய்வாள்.

"கீழ யாருடி பாக்கப் போறா?" என்று அக்காவும் சிரிப்பாள்.

எங்கள் மூவருக்கும் ஒரே கடையில் வேலை. மூன்று மாடி மரச்சாமான் கடை. நான் கண்ணாடி துடைப்பேன், சமையல்காரம்மா ஆட்களுக்குச் சமைப்பாள், அக்காவுக்குச் சோபாக்களைத் துடைக்கிற வேலை, அதனால்தான் சோபாக்கா. ஒவ்வொரு சோபாவையும் வீடு மாதிரியே அலங்கரித்து வைத்திருப்பார்கள். பின்னால் சுவர், சுவரில் படம், பக்கத்தில் விளக்கு, யாரும் படிக்காத புத்தகங்கள். கடை திறப்பதற்கு முன் அக்கா அதில் ஒன்றில் உட்கார்ந்து, விலை அட்டையைத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மகளைக் கூப்பிடுவாள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார்.

இதை அக்கா திட்டம் போட்டுச் செய்யவில்லை. மகள் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல்முறை வீடியோவில் பேசியபோது வேலைக்கு நடுவே இருந்ததால் அக்கா கடையிலிருந்தே பேசினாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை விளக்கைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, "அம்மா, இதுதான் நீ இருக்கற வீடா?" என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை சிரித்துவிட்டாளே, அதற்குப் பிறகு எப்படி இல்லை என்பது?

சோபா விற்றுப்போனால் வேறு சோபா வந்துவிடும்.

"என்னம்மா, மறுபடியும் சோபா மாத்திட்டாங்களா?"

"அவங்களுக்கென்ன, பழசு போரடிச்சா மாத்திடுவாங்க."

பெரிய இடத்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், வீட்டு ஆள் மாதிரியே வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள்.

மகளுக்குக் கல்யாணமும் ஆனது. அக்கா விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் நல்ல செருப்பும் கைப்பையும் இரவல் வாங்கிக்கொண்டு போவாள். அங்கே மகளும் மாப்பிள்ளையும் ஏசி இருக்கிற ஒரே அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுப்பார்கள். குளிக்க வெந்நீர் போட்டு வாசலில் நிற்பார்கள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பாத்திரம் கழுவப் போனால் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைப்பார்கள். அக்கா கிளம்பும் நாளில் அவர்கள் முகத்தில் அழுகையும் இருக்கும், அப்பாடா என்கிற களைப்பும் இருக்கும். அதை அக்காவே எங்களிடம் சொன்னாள்.

போன வருஷம் அக்காவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. ஒப்பந்தம் முடியும் சமயம். இந்தத் தடவை ஒரேயடியாகப் போய்விடுவது என்று முடிவு செய்து மகளிடம் சொன்னாள். நான் அந்தப் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா? அங்க ராணி மாதிரி இருக்க. இங்க நீ நாலு நாள் தாங்க மாட்ட."

"தாங்குவேன்டி. பாய் போட்டுப் படுத்துக்கறேன்."

"நீயா? பாயிலயா?" மகள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்படி உன்ன வச்சுக்க எங்களால முடியாதும்மா. ஒரு மாசம்னா சமாளிச்சிடுவோம். காலம்பூரா முடியாது. மனசுல வச்சுக்காத."

அக்கா தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

அடுத்த வார விடுமுறை நாளில் உடை மாற்றாமல், எங்கள் அறையிலிருந்தே மகளைக் கூப்பிட்டாள். இரண்டடுக்குக் கட்டில்கள், கயிற்றில் தொங்கும் உள்ளாடைகள், அடுப்பு, சுவரெல்லாம் ஈரம். எல்லாவற்றையும் போனைச் சுற்றிக் காட்டினாள். கடைசியில் தன் கட்டிலைக் காட்டினாள்.

"இதான்டி என் இடம். இத்தனை வருஷமும் இங்கதான்."

"ஐயோ, யாரு ரூமும்மா அது? மேல்கட்டில்ல யாரு?"

மேல்கட்டிலில் நான்தான். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"என் ரூமுதான். சொல்றேன்ல."

"விளையாடாதம்மா. ஊருக்கு வரணும்னு இப்படியெல்லாமா நாடகம் போடுவ? அங்கெல்லாம் உக்காராத, மூட்டப்பூச்சி ஒட்டிக்கும்."

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "அத்தை, முதல்ல அந்த இடத்தவிட்டு வெளிய வாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசுங்க."

அக்கா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று போர்வைக்குள் காத்திருந்தேன். "சரி தம்பி, போயிடறேன்" என்றாள்.

போனை வைத்ததும் சமையல்காரம்மா பொரிந்து தள்ளினாள். "அடிப்பாவி, அழுத்திச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"சொன்னேனே. காட்டவும் காட்டிட்டேன். இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்ற?"

அன்று அவள் சாப்பிடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டபோது தலையாட்டினாள்.

இப்போது சோபாக்கா கீழ்த்தளத்தில் இருக்கிறாள். படி ஏற முடியாததால் கட்டில் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு கட்டில் கால்களைத் துடைக்கிறாள். மகள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். ஊருக்கு வரும் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.