போர்டின் பின்பக்கம்

வாஷிங் மெஷினின் முகப்பில் ஒரு வெளிச்சப் புள்ளி எரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ட்வீசரக்கா சொல்வாள். முகப்புக்குப் பின்னால் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதற்கும் பின்னால், அரிசி நொய் அளவில் ஒரு எல்.இ.டி. குப்புறப் படுத்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் போர்டின் செம்பை உரித்து விட்டிருப்பார்கள். வெளிச்சம் போர்டையே ஊடுருவி மறுபக்கம் பால்போல் கசியும். கண்ணைக் குத்தாது. முகப்பு வழவழவென்று இருப்பதால் ஈரத்துணி போட்டுத் துடைக்கலாம்.

அந்த நொய்களைக் கவிழ்த்து வைத்து ஈயம் பற்றவைப்பதுதான் அவள் பிழைப்பு. பெரிய தொழிற்சாலைகளில் இதை இயந்திரம் செய்யும். இவள் வேலை பார்த்த பட்டறையில் பழுதுபட்டவையும் சின்ன ஆர்டர்களும் வரும், அதனால் கை வேண்டியிருந்தது. ட்வீசர் என்கிற சின்ன இடுக்கி அவள் விரல்களோடு பிறந்தது என்று பட்டறையில் கிண்டல் செய்து, அதுவே பெயராகிவிட்டது. கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். ஈயம் வைக்கிற பக்கம்தான் அவர்களுக்குப் போர்டின் முகம். வெளிச்சம் வரும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது சோதனை மேசைக்காரரின் வேலை. அவள் திருப்பிப் பார்த்ததே இல்லை.

கணவர் லாரி ஓட்டியவர். தெருமுனையில் பேசினால் வீட்டுக்குள் கேட்கும் குரல். ஐம்பத்தைந்து வயதில் வந்த நரம்பு நோய் முதலில் காலை வாங்கியது, பிறகு கையை, பிறகு அந்தக் குரலை. மிஞ்சியது கண்ணும் வலது கட்டைவிரலும். இமையை நம்ப முடியவில்லை, அது நினைத்தபோது மூடிக்கொண்டது.

அவள் வேலையை அரை நாளாக்கிக்கொண்டாள். புரட்டிப் படுக்க வைப்பதற்கும், குதிகாலுக்கடியில் துணி சுருட்டி வைப்பதற்கும், எச்சிலை உறிஞ்சி எடுப்பதற்கும் ஒரு நர்ஸிடம் பயிற்சி எடுத்தாள். அழுகிற நேரத்தில் படுக்கை விரிப்பை மாற்றிவிடலாம் என்பது அவள் கட்சி. துணைக்கு வந்து தங்கிய கணவரின் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. வந்த அன்றே சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தவள் அந்த அண்ணி. "இவ என்ன கல்லா, மனுஷியா" என்று தொலைபேசியில் உறவுக்கெல்லாம் சொன்னாள், இவள் காதில் விழும்படி.

பிறகு விழுங்குவதும் தடுமாறியது. ஊட்டும் பால் நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் வரும், அதுவே ஆளைக் கொண்டுபோகும். டாக்டர் வயிற்றில் ஒரு துளை போட்டுக் குழாய் வைக்கலாம் என்றார். வைத்தால் பசியில்லாமல் கொஞ்ச காலம் கூட இருப்பார். ஆனால் ஆள் தெளிவாக இருக்கும்போது அவர் சொல்லாமல் செய்ய மாட்டேன், எப்படியாவது அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அண்ணிக்கு அதில் கேட்கவே ஒன்றுமில்லை. தம்பி பட்டினி கிடந்து சாக அவள் விடமாட்டாள்.

ட்வீசரக்கா பட்டறையிலிருந்து ஒரு போர்டு கொண்டுவந்தாள். அதில் இரண்டே எல்.இ.டி., கவிழ்த்து வைத்தது. முன்பக்கம் இடப்புறம் 'ஆமா', வலப்புறம் 'இல்ல' என்று ஒட்டினாள். வெளிச்சம் இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். கட்டைவிரலுக்கடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்த நேரம் எரிவதில் நின்றுவிடும், இன்னொரு முறை அழுத்தினால் மறுபடி ஓடும். அவரால் தலையைத் திருப்ப முடியாது. அதனால் போர்டை ஒரு கம்பியில் பொருத்தி, முகத்துக்கு ஒரு முழம் மேலே, கீழ்நோக்கி நிறுத்தினாள். முன்பக்கம் அவர் கண்ணுக்கு மட்டும்தான். மேலிருந்து அவள் பார்க்கும் பின்பக்கத்தில் எல்.இ.டி.யின் ஓரங்களில் கசியும் மெல்லிய கீற்று போதும், எது எரிகிறதென்று தெரிந்துவிடும்.

முதலில் வெளிச்சம் சரியா என்று கேட்டாள். இல்லை என்று வந்தது. கூசுகிறது போலிருக்கிறதென்று மங்கலாக்கினாள். மறுபடி கேட்டாள், மறுபடி இல்லை. இன்னும் மங்கலாக்கினாள். மூன்றாம் முறை ஆமா என்று வந்ததும் அண்ணி, "அவன் எப்பவும் இப்படித்தான், ஒரு சட்டை எடுக்க ஒன்பது கடை ஏறுவான்" என்று சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

பிறகு பெரிய கேள்வி.

"என்னங்க, வயித்துல குழாய் வெச்சுக்கலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

விரல் வெகுநேரம் அசையவில்லை. பிறகு அழுத்தியது. கீற்று அவளுக்கு இடப்பக்கம் நின்றது. 'ஆமா'.

அண்ணி கைகூப்பினாள். ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். ட்வீசரக்காவுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. காய்ச்சல் ஊசிக்கே ஓடி ஒளிகிற மனிதர். ஆனால் கேட்டது அவள், பதில் சொன்னது அவர். அதற்குமேல் அவள் கட்சி ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலையிலிருந்தே பொத்தான் சத்தம் ஓயவில்லை. "பொழுது போகாம விளையாடுறான்" என்றாள் அண்ணி. ட்வீசரக்கா அவருக்கு முகம் மழித்துவிட்டு, போர்டில் தெறித்த சோப்பு நுரையைத் துடைக்க அடியில் தலையைக் கொடுத்தாள். அப்போதுதான் முதல்முறையாக, எரியும்போது அவர் பார்க்கும் பக்கத்தைப் பார்த்தாள்.

'இல்ல' என்ற எழுத்துக்கடியில் வெளிச்சம் மங்கலாக நின்றது. ஒரு அழுத்து, ஓடியது. இன்னொரு அழுத்து, மறுபடி 'இல்ல'. மறுபடி. மறுபடியும் அதேதான்.

அவள் எழுந்து பின்பக்கம் வந்து பார்த்தாள். கீற்று இடப்பக்கம். மறுபடி குனிந்து முன்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம். போர்டைத் திருப்பினால் இடம் வலமாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். காலமெல்லாம் ஒரே பக்கத்தைப் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் சரி என்று அவர் சொன்னபோதெல்லாம் மங்கலாக்கியிருக்கிறாள். போதவில்லை என்று சொன்னபோது நிறுத்தியிருக்கிறாள்.

அவள் அண்ணியிடம் அப்படியே சொன்னாள். எதையும் மூடி மறைக்கவில்லை. அண்ணி நம்பவில்லை.

"அன்னிக்கு ஆமான்னான், இன்னிக்கு இல்லேங்கிறான். புத்தி கலங்கிப் போச்சுன்னு அர்த்தம். இல்ல, உனக்குப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சா?"

அந்தச் சொல் பட்ட இடம் ட்வீசரக்காவுக்குத்தான் தெரியும். அவள் வெளிச்சத்தைப் பழையபடி கூட்டினாள். தலையணையின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"என்னை நம்ப வேண்டாம் அண்ணி. இங்க தலையை வெச்சு நீங்களே கேளுங்க. அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது எதையாவது."

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே கட்டிலில் ஏறி, தம்பியின் கன்னத்தோடு தலையைச் சாய்த்தாள். இருவரும் ஒரே வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

"டேய், நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆத்துக்குப் போனியே, அம்மாகிட்ட கோள் சொன்னது நானில்லேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இன்னும் நான்தான்னு நெனைக்கிறியா?"

வெளிச்சம் ஓடியது. 'ஆமா'வில் நின்றது.

"பாவி. நான்தான்டா" என்றாள் அண்ணி. ஓட்டத்தைத் தொடங்க அவளே அவர் விரல்மேல் விரல் வைத்து அழுத்தினாள். குழாயைப் பற்றிக் கேட்டாள். குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னாள், குரலை மாற்றாமல்.

ட்வீசரக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கீற்று எந்தப் பக்கம் நிற்கிறதென்று அவள் பார்க்கவில்லை. பொத்தான் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்திருக்க நேரமானது. எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, நேரே தொலைபேசிக்குப் போனாள்.

"நாளைக்கு நாங்க வரலை. குழாய் வேண்டாமாம். யார் சொன்னதா? அவன்தான் சொன்னான். நான் பக்கத்துல படுத்துப் பாத்தேன்."

வைத்துவிட்டு வந்து, புரையேறாமலிருக்கப் பாலை எவ்வளவு கெட்டியாக்க வேண்டும் என்று கேட்டாள். ட்வீசரக்கா காட்டினாள். தாடையைக் கீழே தாழ்த்த வேண்டும், அரைக் கரண்டிக்குமேல் கூடாது, தொண்டை ஏறி இறங்கும்வரை அடுத்தது கொடுக்கக் கூடாது. அண்ணிக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் கரண்டியை ஏந்தியபடி, தம்பியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.