அம்மா அடித்துப் பார்த்த பொன்

ஈரக் கருமணல் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும். எங்கள் வீட்டில் ஞாயிறுகளில் பொரியல் இல்லாமற்போனதே அந்தச் சத்தத்தால்தான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஐயா, கிடைக்கிற அந்த ஒரு நாள் ஓய்விலும் சும்மா இராமல், அம்மா பொரிக்கிற ஒரேயொரு இரும்புச் சட்டியான "தாச்சி"யையும் தூக்கிக்கொண்டு மூதூர் போகிற லோஞ்ச் படகில் ஏறி, அங்காலே உள்ள ஓடைகளில் மணல் அரித்துப் பொன் தேடப் போய்விடுவார்.

பொழுதுபட வரும்போது மடியில் மஞ்சள் கற்கள் மினுங்கும். அம்மா அவற்றை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போடுவார். பொன் என்றால் நசியும், பொய்க்கல் என்றால் நொறுங்கும்; எப்போதும் நொறுங்கியது. அம்மியை எத்தனை தரம் கழுவினாலும் மறுநாள் சம்பலில் கல் கடிபடும்.

ஒரு மாரி முடிவில் ஐயா கச்சான் கடலைப் பருப்பு அளவில் மஞ்சள் கல்லொன்றைக் கொண்டுவந்தார்.

"இஞ்சேரும், இதை அடியாதையும். பத்தரிட்டைக் காட்டுவம்."

"ஏன், உடைஞ்சிடும் எண்டு பயமோ?"

ஐயாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அடியும்! உடைஞ்சா இனி ஓடைப் பக்கமே போகமாட்டன், சத்தியம்."

அந்தச் சத்தியத்துக்காகவே அம்மா இரண்டு கையாலும் குழவியை ஓங்கினார். அது உடையவில்லை. தட்டையாகி, அம்மியோடு ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

"பொன்தான் அண்ணை," என்றார் நகை செய்கிற பத்தர். "ஓடையில கிடந்த உருவத்திலயே கொண்டந்திருந்தா, ஆசைப்பட்டு எடுக்க ஆக்கள் இருக்கு. இப்ப இதுக்கு வெறும் நிறைக்குள்ள காசுதான்."

"நீர் அடிச்சுக் கெடுத்தீர்" என்று ஐயாவும், "அடிக்காட்டி அது பொன்னெண்டு எப்பிடித் தெரியும்?" என்று அம்மாவும், சாகும்வரை இதே சண்டை. ஐயாவுக்கு அதன்பிறகு ஒரு பொட்டும் அகப்படவில்லை, போவதையும் விடவில்லை. பொரியலும் இல்லை.

அம்மியின் கொத்து அடையாளம் பதிந்த அந்தத் தகடு என் அலுமாரியில் இருக்கிறது. உருக்கித் தோடு செய்யக் கேட்ட எவருக்கும் நான் கொடுக்கவில்லை. இப்போது, பாலையூற்றில் என்னோடு இருக்கிற மகன், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கீச்சிடுகிற கருவியொன்றை வாங்கிக்கொண்டு ஞாயிறுகளில் அதே ஓடைகளுக்குப் போகிறான். போன கிழமை மஞ்சள் கல்லொன்றை என் உள்ளங்கையில் வைத்து, "பொன்னோ அம்மா?" என்று கேட்டான்.

எழுந்து குசினிக்குப் போனேன். எல்லாவற்றையும் மிக்சியில் அரைக்கிற வீடு. அம்மியும் இல்லை, குழவியும் இல்லை. இவனை நான் எதை வைத்து நிறுத்த?