கணவர் கையில் என் கால்

வீட்டுத் தரையில் ரத்தம் கிடந்தது. பூனை எலி பிடித்திருக்கும் என்று துடைத்தேன். துடைத்து நிமிர்ந்தால் பக்கத்தில் இன்னொரு சொட்டு. அது என் வலது காலிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. தடவிப் பார்த்தால் உள்ளங்காலில் புளியம்பழ ஓடு ஏறியிருந்தது. வலியே இல்லை. பத்து வருடச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்தது.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். இதைப் படிக்கிற நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள், திட்ட மாட்டேன். பத்து நாளில் நாற்றம் வந்தது. நானும் கணவரும் எங்கள் மலையூரிலிருந்து ஒரு வண்டி பிடித்து அடிவாரத்து அமிர்திக்கு இறங்கி, அங்கிருந்து வேலூருக்குப் பேருந்தில் போனோம். வளைவுக்கு வளைவு வாந்தி.

அங்கே மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். மாத்திரை மாற்றினார், ஊசி மாற்றினார். சீழ் நிற்கவில்லை.

"கிருமி மருந்துக்குப் பழகிடுச்சும்மா. மேல ஒரு படலம் கட்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கு. இப்படியே போனா பாதத்தை எடுக்க வேண்டி வரும்," என்றார்.

பாதம் போனால் மலையில் எப்படி நடப்பேன்? அன்று தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகுதான் குளிர் பிளாஸ்மா (மின்சாரம் ஏற்றிக் கிளர்த்திய வாயு, கிருமியைக் கொல்லும், சதையைச் சுடாது) வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பேனா போல ஒரு கருவி, நுனியில் ஊதா நிறத்தில் சிறு ஒளி. சில நிமிடம் புண்மேல் காட்டுவார்கள். லேசான இரைச்சல், மூக்கில் ஏறும் ஒரு வாடை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் எரிந்தால்தான் மருந்து. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் முறைக்கு முறை சீழ் குறைந்தது, சதை சிவந்தது.

"தினமும் சாயங்காலம் வூட்ல நீங்க துணியப் பிரிச்சுப் பாருங்க. அவங்களுக்கு வலி தெரியாது," என்று செவிலியர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் நான் கெடுத்தேன். புருஷன் கையில் பெண்டாட்டி காலை நீட்டுவதா? அவர் கேட்டபோதெல்லாம், "பாவம் சுத்திக்கும், வுடுங்க. நானே பாத்துக்கினேன், நல்லாத்தான் கீது," என்றேன். என் பருத்த உடம்பு குனிந்து உள்ளங்காலைப் பார்க்க விடாது. நான் பார்க்கவே இல்லை. அடுத்த முறை மருத்துவமனையில் துணியைப் பிரித்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"பிளாஸ்மா, புண்ணுக்கு மேல இருக்கிற கிருமியைத்தான் கொல்லும். இது எலும்புக்குள்ள போயிடுச்சு," என்றார் மருத்துவர்.

விரலை எடுத்தார்கள்.

"இன்னாத்துக்குடி என்கிட்ட மறைச்ச?" என்று கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலம் நானே காலை அவர் பக்கம் நீட்டினேன்.

மிச்சமிருந்த புண்ணுக்கு மறுபடி சுத்தம், ஊசி, சர்க்கரைக் கட்டுப்பாடு, அந்த ஊதா ஒளி. எது ஆற்றியது என்று என்னைக் கேட்டால் எல்லாம் சேர்ந்துதான் என்பேன். பாதம் தப்பியது. அலுப்புத்தான் இன்னும் போகவில்லை.

இப்போது எனக்கு ஒரு நாள் என்பது ஒரு சாயங்காலத்திலிருந்து அடுத்த சாயங்காலம்வரை. வெளிச்சம் இருக்கும்போதே கணவர் என் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாக விலக்கிப் பார்க்கிறார். அவர் தொடுவது எனக்குத் தெரிவதில்லை. என் காலைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னால்தான் எனக்குச் சேதி.

"இன்னா கீது?" என்பேன்.

"ஒண்ணுமில்ல," என்பார்.

நாளை சாயங்காலம்வரை எனக்கு அது போதும்.